மாரடெல்லில் இறங்கிய விமானம்

கெர்வின், கேன்சஸ்
டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஹாலிஸ்,

ஞாயிற்றுக்கிழமை வேலை பறிபோனவனிடம் செவ்வாய்க்கிழமை நலம் விசாரிப்பது கேலி போல இருக்கும். ஆகவே ஜோனெல்லை மட்டும் விசாரிக்கிறேன். உங்கள் புல்வெளியில் ராத்திரியோடு ராத்திரியாக ரசிகர்கள், ஊரை விட்டுப் போ என்பது போல, ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகைகளை நட்டுவிட்டுப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒன்பது எண்ணினேன். ஜோனெல் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, சுவரோரம் அடுக்கி வைத்ததையும் காட்டினார்கள். வேறு எந்தப் பயிற்சியாளர் மனைவியாக இருந்தாலும் அவற்றைத் தெருவில் எறிந்திருப்பாள்.

கல்லூரிக் கால்பந்துப் பயிற்சி என்ற நம் தொழிலில் ஒருவனுக்கு வேலை போனால் மற்றவர்கள் கைப்பட ஓர் அட்டை எழுதி அனுப்புவது வழக்கம். மனம் தளராதே, நல்ல காலம் வரும் என்று இரண்டு வரி. நான் இதுவரை நாற்பது பேருக்காவது எழுதியிருப்பேன். அவற்றில் சிலவற்றை மகிழ்ச்சியோடு எழுதினேன், மறைப்பானேன். உனக்கும் அட்டையை எடுத்தேன். இரண்டு வரி போதவில்லை.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மாரடெல்லில் உன்னை வெளியே அனுப்பியவர்களிடம், பத்திரிகைக்காரர்களிடம், உன் வக்கீலிடம். அதனால்தான் உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மாரடெல்லில் இறங்கிய விமானத்தில் கெர்வினிலிருந்து உன்னோடு பேரம் பேச யாரும் வரவில்லை. அதில் இருந்தவன் நான்.

இப்போது தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அக்டோபரில் இங்கே கெர்வின் கல்லூரியில் எங்கள் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு என்னை இடைக்காலப் பயிற்சியாளன் ஆக்கினார்கள். நீ மாரடெல்லுக்குப் போன பிறகு இது மூன்றாவது தடவை. முதல் தடவை எனக்குப் பதிலாக வந்தவன் என் தடுப்பாட்ட முறையைத் தன் பெயரில் ஊர் ஊராகப் போய் விளக்கினான். இரண்டாம் தடவை வந்தவன், எனக்கு வரலாற்றில் முதுகலைப் பட்டம் இருப்பது தெரிந்ததும், ஆட்டக்காரர்கள் முன்னால் ‘புரொபசர்’ என்று கூப்பிட்டான். இந்த முறையும் தலைமைப் பயிற்சியாளர் அறைக் கதவில் என் பெயரைக் காகிதத்தில் எழுதி டேப் போட்டுத்தான் ஒட்டினார்கள். ஆனாலும் மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களில் நான்கை ஜெயித்தோம். இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு பெரிய ஆட்டக்காரனை நான் கொண்டுவந்து காட்டினால் மார்லாவால் என்னைத் தள்ளிவிட முடியாது. மார்லாவை உனக்குத் தெரியும், எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவி.

உங்கள் ஊர்ப் பள்ளியில் படிக்கும் டெரியன் புல்லக் என்ற பையன் உன் கல்லூரி அணியில் சேர வார்த்தை கொடுத்திருந்தான். அவனைத் திருடப் போனேன். எங்கள் கல்லூரிக்கு நன்கொடை தரும் தீவன ஆலை ஸ்வென்சன் தன் விமானத்தைக் கொடுத்தார், எதற்கென்று கேட்கவில்லை. டிசம்பர் பிறக்கும் வரை எந்தப் பயிற்சியாளனும் எந்தப் பையனின் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது விதி. நான் மிதித்தது நவம்பர் இருபத்தைந்தாம் தேதி. வெளியே தெரிந்திருந்தால் கெர்வின் வேலை மட்டுமல்ல, எந்தக் கல்லூரியிலும் எனக்கு வேலை இருந்திருக்காது.

அவன் அம்மா திருமதி புல்லக் மருத்துவமனை வேலை முடிந்து சீருடையோடு உட்கார்ந்திருந்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி என் முன்னால் வைத்தார். “சாப்பிடுங்க கோச், தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. ஆனா ஹாலிஸ் கோச்சுக்கு வார்த்தை குடுத்தாச்சு. பை தீந்தாலும் அது மாறாது” என்றார். நான் இரண்டு மணி நேரம் பேசினேன். பை தீர்ந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் டூயியின் கடையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஆர்வில் ஹாஸை நினைவிருக்கிறதா? கல்லூரிகள் பயிற்சியாளர் தேடும் இந்த மாதங்களில் அவருக்கு வேறு வேலையில்லை. ஸ்வென்சனின் விமான எண் அவருக்கு மனப்பாடம். அது எங்கே கிளம்புகிறது, எங்கே இறங்குகிறது என்று நாள் முழுக்க போனில் பார்த்துக்கொண்டிருப்பார்.

“மாரடெல்ல இறங்கிடுச்சுய்யா! மூணு மணி நாப்பது நிமிஷம் நின்னுருக்கு. அவ்வளவு நேரம் மார்லா அங்க என்ன முடியா வெட்டிக்கிட்டா? ஹாலிஸ் திரும்பி வர்றாண்டா!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

டூயி அவரை முழங்கையால் இடித்து என் பக்கம் கண் காட்டினான். ஆர்வில் திரும்பிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். “தப்பா எடுத்துக்காதீங்க கோச். நீங்க நல்லவர்தான். எப்பவும் இங்கயேதான் இருப்பீங்க. அதான்...” என்று இழுத்தார். எனக்குக் கிடைத்த நற்சான்றுகளிலேயே மோசமானது அதுதான்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான் காபியை முடித்துவிட்டு எழுந்தேன்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மார்லா மறுத்தாள். மறுத்ததும்தான் எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள் விருந்தில் வான்கோழியை வைத்துக்கொண்டு இரண்டு மாநிலமும் உன் சம்பளத்தைப் பேசியது. வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரன் ஒருவன் என்னைக் கூப்பிட்டு, விமானத்தில் யார் போனது என்று நேராகவே கேட்டான். “அத ஓட்டினவனக் கேளுப்பா” என்று சொல்லி வைத்துவிட்டேன். சாமர்த்தியமாகப் பேசியதாக அன்றைக்கு எனக்குத் திருப்தி.

பயம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் அது இல்லை. உன் மாரடெல்காரர்கள் உன்னைத் துரோகி என்று பேசுவதை நான் வானொலியில் கேட்டேன். ‘ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பழைய கெர்வின்காரங்களோட கொஞ்சிக்கிட்டு இருக்கான்’ என்று ஒருவன் சொன்னான். வானொலியை நிறுத்தவில்லை, ஹாலிஸ். ஒலியைக் கூட்டினேன்.

காரணம் உனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாரடெல் உன்னைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டபோது, என் வீட்டுச் சமையலறையில் நின்று, “டேய் வெர்ன், தடுப்பாட்டம் உன்னுது. மூட்டையக் கட்டு” என்றாய். கல்லூரியில் ஒரே அறையில் படுத்து, ஒரே அணியில் ஆடி, இதே கெர்வினில் ஒன்பது வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் சொன்னான் என்று கட்டினேன். என் மனைவி கேரல் நீலக்கரை போட்ட எட்டுத் தட்டுகளையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நீ போன் செய்யவில்லை. எட்டாம் நாள் உன் தடுப்பாட்டத்துக்கு வேறொருவனை எடுத்த செய்தியை நாளிதழில் படித்தேன். கேரல் தட்டுகளைப் பிரித்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். கையெல்லாம் அச்சு மை.

உன் நிர்வாகம் உன் கையைக் கட்டிப்போட்டது என்று நான்கு வருஷம் கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகும் மன்னிக்கவில்லை. நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகளைப் பிரிக்காமல் போட்டேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. கேரல் நான்கு தட்டுகளை மட்டும் சுற்றிக்கொண்டு ஆரெகனில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போனதற்கும் நீதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். அவளிடம் நானே சாப்பாட்டு மேஜையில் உன்னைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாமல் மூன்று வருஷம் ஓட்டினேன். அவள் போனதற்கு அதுதான் காரணம்.

சனிக்கிழமை உன் ஆட்டத்தைப் பார்த்தேன். உன் சொந்த ரசிகர்களே நீ மைதானத்துக்குள் வரும்போது கேலி செய்து கூவினார்கள். சிலர் காகித விமானம் செய்து வீசினார்கள். ஒன்று உன் தோளில் பட்டு விழுந்தது. நீ குனிந்து எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். உன் ஆட்டக்காரர்கள் யாருக்காக ஆடுகிறோம் என்று தெரியாமல் ஆடித் தோற்றார்கள். ஞாயிறு காலை உன்னை நீக்கிய செய்தி வந்தது.

நேற்று காலை மார்லா என் அறைக்கு வந்தாள். கல்லூரி நிறத்தில் ஒரு புது டையை மேஜைமேல் வைத்தாள். வியாழக்கிழமை என்னைத் தலைமைப் பயிற்சியாளனாக அறிவிப்பார்கள், ஐந்து வருஷ ஒப்பந்தம். “ஒளிக்க விரும்பல வெர்ன். நேத்து சாயங்காலம் நான் கூப்பிட்டது ஹாலிஸத்தான். கையில வேலை இல்ல, வர்றீங்களான்னு கேட்டேன். ‘உங்க அடுப்புலயே சூப் கொதிக்குது, பக்கத்து வீட்டுக்கு எதுக்குக் கிண்ணம் எடுத்துட்டு வர்றீங்க? வெர்ன் இருக்கான்ல’ன்னு சொல்லிட்டாரு” என்றாள்.

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. இரக்கப்பட்டுப் போடுகிறான் என்று நினைத்தேன். ஆனாலும் டையைக் கட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதைக் கழற்றுவதற்குள் திருமதி புல்லக் போன் செய்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே ஹாலிஸ் கோச்சுக்குச் சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும் அந்த விமானத்துல வந்தது நீங்கன்னு. ‘வெளிய சொல்லாதீங்கம்மா, வெர்ன் பொழப்பு போயிடும், நான் சமாளிச்சுக்கறேன்’னாரு. வேலையே போனப்புறம் நேத்தும் கேட்டேன், இப்பவாவது சொல்லட்டுமான்னு. வேண்டாம்னுட்டாரு. அவரு எப்பேர்ப்பட்ட மனுஷன்னு எனக்குத் தெரியும். நீங்க எப்பேர்ப்பட்ட மனுஷன்? அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

பதில் சொல்ல நேரம் கொடுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

டையைக் கழற்றி மடித்து மார்லாவின் அறைக்கு எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, “மூணு நாள், வெர்ன். வியாழக்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்” என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் எல்லாம் முடிந்தது என்றேன்.

விதிமீறலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி போகிறது. அவர்கள் உன்னைத் திரும்ப அழைக்க மாட்டார்கள், அது நமக்குத் தெரியும். ஆனால் நீ அவர்களுக்குத் தெரியாமல் யாரோடும் பேரம் பேசவில்லை என்பது இனி எழுத்தில் இருக்கும். எனக்கு ஒரு வருஷத் தடை வரும் என்கிறாள் மார்லா. இரண்டு வருஷமும் ஆகலாம். அப்புறம் யாராவது ஒரு பள்ளிக்கூடம் வரலாறு சொல்லித்தரக் கூப்பிட்டால் போவேன். அங்கே ‘புரொபசர்’ என்று கூப்பிட்டால் அது கேலியாக இருக்காது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், வியாழக்கிழமை உன் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மார்லா உன்னை மறுபடி கூப்பிடுவாள். அடுப்பு, கிண்ணம் என்று மறுபடி எதையாவது சொல்லிவிடாதே. இங்கே அடுப்பு அணைந்துவிட்டது. என்னைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று தயங்காதே, நீ சொன்னால் வேறு ஊருக்குப் போய்விடுகிறேன். பையன்கள் நல்லவர்கள். தடுப்பாட்டத்தில் ஐந்தாம் எண்காரனுக்கு இடது முழங்காலில் வலி, அவன் சொல்ல மாட்டான், நீதான் கவனிக்க வேண்டும். டெரியன் புல்லக் நீ எங்கே போனாலும் உன் பின்னால் வருவான், அவன் அம்மா வரச் சொல்வார். நீ வந்தால் ஆர்வில் ஹாஸை மட்டும் தாங்க முடியாது. ‘நான்தான் மொதல்ல சொன்னேன்’ என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார். பொறுத்துக்கொள்.

பதினோரு வருஷம் நீ செய்யாத ஒரு போனை எண்ணியே வாழ்ந்தேன். போன வாரம் நான் செய்யாத ஒரு போன் உன் வேலையைக் கொண்டுபோய்விட்டது. இப்போதும் போனை எடுத்தேன், கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

ஜோனெல்லிடம் சொல். அந்த ஒன்பது பலகைகளையும் தூக்கி எறிய வேண்டாம், ஒன்றை நீங்களே வாசலில் நட்டுவிட்டுக் கிளம்பி வரலாம். இங்கே வீடு பார்த்து முடிக்கும்வரை என் வீட்டில் இடம் இருக்கிறது. என்னிடம் நீலக்கரை போட்ட தட்டுகள் நான்கு மிச்சம் இருக்கின்றன. இன்று காலை நான்கையும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் இருவரோடு இன்னும் ஒருவர் வந்தாலும் போதும்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்,
வெர்ன்