தோசைக் கரண்டி மேல் விழுந்த பழி

அன்புள்ள ஆட்டோ அங்கிள்,

என் வலது முழங்காலுக்குக் கீழே இருக்கும் ரத்தக்கட்டு இன்று காலை மஞ்சளாகிவிட்டது. போன வாரம் லஸ் பக்கம் புத்தகம் படித்துக்கொண்டே நடந்து, மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தகரத் தடுப்பில் இடித்துக்கொண்டேன். முதலில் சிவப்பு, மறுநாள் கத்தரிப்பூ நிறம், பிறகு பச்சை, இப்போது மஞ்சள். நீங்கள் இருந்திருந்தால் காலை நீட்டிக் காட்டியிருப்பேன். "இன்னா பாப்பா, மாம்பயம் மாரி பயுக்குது?" என்று கேட்டிருப்பீர்கள்.

அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூர் பள்ளிக்கு உங்கள் ஆட்டோவில் ஐந்து பேர் போனோம். கடைசியாக ஏறுவதால் எனக்குக் குறுக்குப் பலகைதான். ஒவ்வொரு வேகத்தடையிலும் யாருடைய முழங்காலாவது இரும்புக் கம்பியில் இடிக்கும். நீங்கள் உடனே ஓரம் கட்டி, தைல பாட்டிலை எடுப்பீர்கள். "அய்த்தித் தேச்சா ரத்தம் ஓடிப்பூடும்" என்பது உங்கள் வைத்தியம்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி நூலகத்தின் முதலுதவிப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தேன். தோலுக்கு அடியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்து நிற்பதுதான் ரத்தக்கட்டு, தேய்த்தால் இன்னும் கசியும், ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும், வெந்நீர் ஒத்தடமெல்லாம் இரண்டு நாள் கழித்துத்தான் என்று ஒரு சிக்னல் முழுக்க உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். மறுநாளே ஒரு டப்பா நிறைய ஐஸோடு வந்தீர்கள். மீன் கடை ஐஸ். அன்று எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் கைகளைக் கவனித்தேன். மடித்துவிட்ட காக்கிச் சட்டைக்குக் கீழே பெரிய பெரிய ரத்தக்கட்டுகள். திங்கட்கிழமை இடது முழங்கை, புதன்கிழமை வலது மணிக்கட்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"எங்க இடிச்சீங்க அங்கிள்?"

"எங்கியும் இடிக்கல பாப்பா. தானா வருது."

அந்த வாரம்தான் பள்ளியில் வீட்டு வன்முறை பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். அடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை மறைப்பார்கள் என்று சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிக்னலில் உங்கள் காதருகே குனிந்து, "வீட்ல யாராவது அடிக்கிறாங்களா அங்கிள்?" என்று கேட்டேன். நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "யாராண்டையும் சொல்லாத பாப்பா. எங்கூட்டம்மா. தோசக் கரண்டி."

சிரித்து வந்த கண்ணீர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று மாலையே உங்கள் வீட்டு ஆன்ட்டிக்குக் கடிதம் எழுதினேன். "மதிப்பிற்குரிய ஆன்ட்டி, கோபம் வந்தால் ஒன்று முதல் நூறு வரை எண்ணவும். தோசைக் கரண்டியை எட்டாத உயரத்தில் வைக்கவும்." உறையில் போட்டு ஒட்டி உங்களிடமே கொடுத்தேன். பிறந்தநாள் அழைப்பு என்று நினைத்து, ராயப்பேட்டைக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஆன்ட்டி நின்றிருந்தார், கையில் கடிதத்தோடு.

"யாரு இத எய்தன பாப்பா?"

நான்கு கைகள் என்னைக் காட்டின. ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "ஏன்யா, நான் உன்ன அடிக்கிறனா?"

"சும்மா தமாசுக்கு சொன்னேம்மா."

"தமாசா? கொயந்த பொய் சொன்னதா ஆவக்கூடாது. கைய நீட்டு, இப்பவே அடிக்கிறேன்."

நான் நோட்டைத் திறந்து நீட்டி, "அப்ப இதெல்லாம் எப்படி வந்துச்சு ஆன்ட்டி?" என்று கேட்டேன். ஆன்ட்டி பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவர் குரல் இறங்கியது. "பல்லு வெளக்க சொல்ல ரத்தம் வருதுன்னுச்சு. நான்தான் பிரஷ்ஷ மாத்துய்யான்னேன்."

அடி படாமல் வரும் ரத்தக்கட்டு, ஈறில் ரத்தம். இரண்டும் சேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், போடுகிற மாத்திரைகளையும் காட்ட வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. "ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்றேன். இதய அடைப்புக்கு நெஞ்சில் கம்பி வைத்த பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க தினம் மாத்திரை போடுவதாகச் சொல்லி, ஆட்டோவில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தீர்கள். பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன்.

"அங்கிள், ரெண்டும் ஒரே மருந்து."

"தெரியும் பாப்பா. ஒண்ணு ஆஸ்பத்திரில சும்மா குட்த்தது. சும்மா குடுக்கறதுல பவரு கம்மியாத்தான இருக்கும்? அதான் கடையில ஒண்ணு வாங்கி சேத்துப் போட்டுக்கினேன்."

ஆன்ட்டிக்குத் தோசைக் கரண்டி தேவைப்படவே இல்லை. "எறங்குய்யா" என்ற ஒரே சொல்லில் உங்களை இறக்கி, வேறு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைய கணக்கு வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாலையில் நீங்கள் வரவில்லை. வேறொருவர் வந்தார். மூன்று நாளும் அவர்தான். நான்காம் நாள் உங்கள் ஹாரன் கேட்டதும் ஒரு செருப்போடு ஓடிவந்தேன்.

தினம் ஒன்று மட்டும்தான் போட வேண்டும், அதையும் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் திட்டி அனுப்பியதைச் சொன்னீர்கள். "யார்யா கண்டுபுட்ச்சதுன்னாரு. எங்க டாக்டரம்மான்னேன். எங்க படிச்சாங்கன்னாரு. செவன்த் பி-ன்னேன்."

அதன் பிறகு இரண்டு வருடம் உங்கள் கைகளைத் தினமும் சோதித்தேன். இந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் உங்கள் இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது. அம்மாவோடு வந்திருந்தேன். "பாரு பாப்பா, கையில ஒரு ரத்தக்கட்டு இல்ல, சுத்தமா கீது" என்று உங்கள் கையைத் தடவிக் காட்டித்தான் ஆன்ட்டி அழுதார்.

இப்போது ஆன்ட்டிக்குச் சர்க்கரை மாத்திரை. புது அட்டை வாங்கினால் வீடியோ காலில் கூப்பிடுவார். அட்டையைக் கேமராவில் ஒட்டிவிடுவதால் எனக்கு இருட்டுதான் தெரியும். தள்ளிப் பிடிக்கச் சொல்வேன். "பெர்சா போட்டுகிறத வுடு பாப்பா, பொடி எய்த்தப் படி" என்பார். பழைய அட்டையையும் காட்டச் சொல்லி, இரண்டையும் படித்து ஒப்பிட்ட பிறகுதான் போடச் சொல்வேன். நேற்றும் படித்தேன். முடித்ததும் ஆன்ட்டி அவசரமாகச் சொன்னார்:

"இரு பாப்பா, வெச்சிராத. பக்கத்து வூட்டு அக்கா அவங்க அட்டைய எட்துக்கினு வந்துகிறாங்க. பின்னாடி இன்னும் மூணு பேரு நிக்கறாங்க."