வேகமான தொட்டி

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உடம்புக்கு ஏதாவது வந்தால்தானே உனக்கு அக்கா ஞாபகம் வரும்.

குதிரைமசால் தீவன விதையில் கலக்கும் நம் நுண்ணுயிர் உரத்தில் பத்து பாக்கெட் உன் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு கிராமுக்கு உயிரோடிருக்கும் நுண்ணுயிர் எண்ணிக்கை போன வருடத்தைவிட அதிகம். வழக்கம்போல "வீரியம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. செப்டம்பர் இருபதாம் தேதி நாலாயிரம் பாக்கெட்டும் லாரி ஏறவேண்டும்.

மாடு வைத்திருக்கும் ஒருவர் மட்டும் வந்து, "உங்க மருந்து போட்டும் தீவனம் மஞ்சளடிக்குதும்மா" என்றார். தண்ணீர் தேங்கியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சாப்பிடுகிறாயா, கேன்டீனிலேயே காலம் தள்ளுகிறாயா?

உன் அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். அந்த மஞ்சள் என்னை உறுத்தியது. உங்கள் பாக்கெட்டைப் போட்டுச் சட்டியில் செடி வளர்த்து, நாலு வாரம் கழித்துப் பிடுங்கினேன். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் முடிச்சு வேரில் ஒன்றுகூட இல்லை.

எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த நுண்ணுயிரின் மரபுச் சரடு மூன்று வளையங்களாக இருக்கும். வேருக்குள் நுழைந்து முடிச்சுப் போடும் வித்தை மூன்றாவது வளையத்தில் இருக்கிறது. உங்கள் பாக்கெட்டில் அதுதான் இல்லை.

ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் மூன்றையும் ஒரே தடவை நகலெடுத்துச் சரியாகப் பங்கு போடவேண்டும். நீங்கள் நுண்ணுயிரை வளர்க்கும் சத்து நிறைந்த தொட்டியில் மூன்றாவதற்கு வேலையில்லை. அதைத் தவறவிட்டவை சுமை குறைந்து சீக்கிரம் பெருகும். நல்லவை வேருக்குள் போனால் செடி அவற்றைப் பிரியவே விடாது. வளையங்களை மட்டும் நகலெடுத்து நகலெடுத்து உடல் பெருத்து, இனிப் பெருக வழியில்லாமல், செடிக்கு உழைத்தே முடிந்துவிடும்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மூல நுண்ணுயிரை உலர்த்தி அடைத்த பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள் தந்தேனே, பருவத்துக்கு ஒன்று உடைக்கச் சொல்லி. கடைசியாக எப்போது உடைத்தீர்கள்?

தம்பி

செப்டம்பர் 12

தம்பிக்கு,

ஒன்றுதான் உடைத்தேன். பாக்கி பதினொன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

தயிருக்கு உறை ஊற்றுவதுபோல ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு எடுத்தேன். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. நாலு தொட்டியில் எது முதலில் தயாராகிறதோ அதிலிருந்துதான் எடுத்தேன். மூன்று நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. ஆபரேட்டர், "உங்களுக்குக் கைராசிக்கா" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். வேலைக்காகாததைத்தான் ஆறு வருடமாகப் பொறுக்கியெடுத்து வளர்த்தேன் என்கிறாய்.

பெருகாமல் உழைத்தே முடியும் ஜென்மத்தை நீ சொல்லித்தான் தெரியவேண்டுமா? தலைவாரும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். அழுகிறேன் என்று நினைக்காதே. கல்யாணம் வேண்டாம் என்றது என் முடிவு.

சட்டம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. கையெழுத்துப் போடு. அடுத்த பருவம் சரிசெய்வோம். ஒன்று மட்டும் சொல்: போன வருடம் ஒரே வாரத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?

அக்கா

செப்டம்பர் 16

அக்கா,

கையெழுத்துப் போடமாட்டேன். லாரியை நிறுத்துங்கள்.

போன வருடம் நான் செடி வளர்க்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். உங்கள் சரக்கு என்பதால் சந்தேகம் வரவில்லை.

வாங்கியவர்களிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் என் பேரை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்கிறார்கள். போன வருடம் நான் கையெழுத்துப் போட்ட தாள் வெளியே வந்தால் நான் அவ்வளவுதான். காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

லாரி போகவில்லை. நாலாயிரத்தையும் கொட்டிவிட்டு, தொட்டிகளைக் கொதிநீர் விட்டுக் கழுவினோம். நானே ஒரு குப்பியை உடைத்தேன். பதினொன்றில் பத்து இருக்கிறது.

பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுத் தப்பைச் சொன்னேன். மஞ்சளடிக்கிறது என்றவர் எழுந்து, "அப்ப இந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்ட படிச்சவரு யாரும்மா?" என்றார். பாக்கெட்டோடு வந்த தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார் மனுஷன். அவர் மாட்டுக்குப் பால் பாதியாகிவிட்டது.

"என் தம்பி. அவனும் செடி வச்சுப் பாக்கலை. இந்த வருஷம் பாத்தான், அதனாலதான் சரக்கு நிக்குது" என்றேன்.

இரண்டையும் சொன்னேன். நீ கேட்டது அதுவல்ல, தெரியும். என்னைத் திட்ட உனக்கு உரிமை இருக்கிறது. கடிதம் நிறுத்தினாலும் புரிந்துகொள்வேன்.

கொல்லையில் புதிய சரக்கைக் கலந்து நாற்பது விதை ஊன்றியிருக்கிறேன். அக்டோபர் கடைசியில் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறி, உள்ளே வேலை நடப்பதைக் காட்டும் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். அன்றைக்குப் பக்கத்தில் நிற்க மனம் வந்தால் வா. வேலை இருந்தாலும் வா, போனாலும் வா.

சாப்பாடு போடுவேன். கையெழுத்து கேட்கமாட்டேன்.

உன் அக்கா