றொஷானி சொன்ன செபம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் துணையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பாரிசுக்கு, இந்த லா சப்பல் ஆலயத்துக்கு வந்தபின், குருவாக இருந்தும் எனக்குச் செபம் வரவில்லை. சொற்கள் வாயோடு நின்றன. இப்போது பரவாயில்லை, பயப்பட வேண்டாம்.

போன கிழமை, இங்கே ரூ காய் என்ற தெருவில் தமிழ்க் கடையொன்றில் வேலை செய்யும் றொஷானி, இருதய சத்திரசிகிச்சைக்கு முன் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். "எனக்காகச் செபியுங்கோ, பாதர்."

"எனக்குச் செபம் வருகுதில்லை, பிள்ளை," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "அப்ப நான் சொல்லுறன். நீங்கள் ஆமென் சொல்லுங்கோ."

தனக்கென்று ஒன்றும் கேட்காமல் எனக்காகவே மன்றாடினாள். மனதார ஆமென் சொன்னேன். அவள் பிழைத்துவிட்டாள். அவளுக்கும் ஆண்டவருக்கும் நன்றி சொல்லி முடியவில்லை.

நீங்கள் செபமாலை சொல்வதைக் கைபேசியில் பதிந்து அனுப்புங்கள். இருமல் வந்தாலும் நிறுத்த வேண்டாம், அதுவும் கேட்கட்டும்.

பூசைக்கு நேரமாகிறது.

உங்கள் மகன்,
றொஜர்