இப்போது பற்ற வைக்கக் கூடாது

உன் போத்தல் என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கறுவாவும் தோடம்பழத் தோலும் சேர்ந்த வாசம் வருகிறது, உடனே மூடிவிடுகிறேன். மூடியின் உட்புறத்தில் நீ மெழுகு வார்த்த தேதி, உன் கோணல் எழுத்தில். அதிலிருந்து எண்ணினால் இன்று பதினான்காம் நாள். நீ ஐந்தாம் நாளே போய்விட்டாய்.

குண்டசாலையிலிருந்து பஸ் மாறி அக்குறணைக்கு நான் வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் தாமதிக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் கோபம் வந்தது, யார் மேல் என்று கேட்காதே. உன் அண்ணன், நீ நானா என்று கூப்பிடுபவர், வாசல் வரை வந்து இந்தப் போத்தலை என் கையில் தந்தார். "தங்கச்சி கடைசியா ஊத்தினது. ஒங்களுக்குண்டு வெச்சீந்தா," என்றார். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். முகத்தைப் பார்க்காமல் போனது இன்னும் ஆறவில்லை.

நாம் அறிமுகமானது கண்டியில் ஒரு பூ அலங்கார வகுப்பில். எனக்குப் பூவும் வரவில்லை, உனக்குப் பொறுமையும் வரவில்லை. நான் மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து தேயிலைக் கம்பனியொன்றில் எழுதுவினைஞராக இருந்தவள். உன் நானாவுக்குக் கண்ணாடிச் சாமான் கடை. விற்காமல் கிடந்த சித்திரப் போத்தல்களைக் காட்டி, "இதுக்குள்ள மெழுகு ஊத்தினா எப்பிடி ஈக்கும்?" என்று கேட்டாய். "இருக்கும்" என்பது உன் வாயில் எப்போதும் "ஈக்கும்"தான். நான் கேலி செய்தால், "ஒங்கட தோட்டத்துத் தமிழ விடவா?" என்பாய்.

கொழும்பிலிருந்து ஒரு மூட்டை சோயா மெழுகு வந்தது. சாதாரண மெழுகு போல இல்லை, சவர்க்காரத் தூள் மாதிரி வெள்ளைச் சீவல். உன் குசினியில் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்கினோம். நான் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, சூடு இறங்கட்டும், இறங்கட்டும் என்று நிற்பேன். நீ வாசனை எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குதிப்பாய். அளவு நான் சொன்னதுதான். ஆனால் நான் திரும்பும் நேரம் பார்த்து இரண்டு சொட்டு கூட விட்டுவிடுவாய். ஈர்க்குத் துண்டைப் போத்தல் வாயில் குறுக்கே வைத்துத் திரியை நேராக நிறுத்துவோம். வார்த்த பிறகு பதினான்கு நாள் தொடக் கூடாது. ஊறுகாய் மாதிரி, வாசம் மெழுகுக்குள் ஊற வேண்டும். அதற்கு முன் கொளுத்தினால் வெளிச்சம் வரும், வாசம் வராது. அதனால்தான் மூடியில் தேதி எழுத வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது, "இப்ப பத்த வைக்கக் கூடாது" என்று உன்னிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. சண்டை வடக்கில் என்றாலும் சோதனை எங்கும் இருந்தது. ஏரிக்கரைக் கடையொன்று நமக்கு முதல் ஓடர் தந்திருந்தது. வார்த்து இரண்டு நாளான பன்னிரண்டு போத்தல்களை என் பையில் அடுக்கிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினோம். மிச்ச நாளைக்குக் கடையிலேயே வைத்திருப்பதாகப் பேச்சு. கட்டுகஸ்தோட்டைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த பொலிஸ் சார்ஜன்ட் என்னை மட்டும் பையோடு இறங்கச் சொன்னார்.

பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல், உள்ளே வெள்ளையாய் இறுகிய ஏதோ ஒன்று, நடுவில் திரி. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். வாசனை மெழுகுதிரி என்றேன். அப்படியென்றால் ஒன்றைக் கொளுத்திக் காட்டு என்றார்.

பயத்தில் என் மூளை நின்றுவிட்டது, வாய் மட்டும் வேலை செய்தது. "ஐயோ, இப்போது பற்ற வைக்கக் கூடாது சேர். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது!"

அவர் இரண்டெட்டுப் பின்னால் போனார். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்த மற்றவர் துப்பாக்கியைத் தூக்கினார். பஸ்ஸிலிருந்து ட்ரைவரைத் தவிர எல்லோரும் குதித்து ஓடினார்கள், முதலில் ஓடியது கொண்டக்டர். அப்படிச் சோதனையில் பிடிபட்டவர்களில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் வீடு திரும்பாதது ஊருக்கே தெரியும். என் அம்மாவிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

உன்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஓடுகிற கூட்டத்தோடு ஓடியிருக்கலாம். நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எதிர்ப்பக்கமாக, என்னை நோக்கி நடந்து வந்தாய். வரும் வழியில் ட்ரைவரின் சன்னலில் தட்டி நெருப்புப் பெட்டி வாங்கினாய். நில் என்று அவர்கள் கத்தினார்கள். நிற்கவில்லை. தார் ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு போத்தலை மடியில் வைத்து, கொளுத்தினாய்.

ஒன்றும் நடக்கவில்லை. சின்னதாய் ஒரு சுடர். அவ்வளவுதான்.

சார்ஜன்ட் மெதுவாகக் கிட்டே வந்து குனிந்து மோந்தார். "வாசனை மெழுகுதிரி என்றீர்கள், வாசமே இல்லையே?"

நீ நிமிர்ந்து பார்த்து, உன் சரளமான சிங்களத்தில் எரிந்து விழுந்தாய். "அதைத்தானே சேர் இவள் சொன்னாள்! பன்னிரண்டு நாள் போகாமல் வாசம் வராது. உங்களுக்குத்தான் அவசரம்."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். ஆனாலும் சும்மா விடவில்லை. ஒரு கம்பியை எடுத்து எல்லாப் போத்தலையும் அடிவரை குத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். முதல் ஓடர் முழுக்க ஓட்டை. திரும்பி வந்து அவ்வளவையும் மறுபடி உருக்கினோம், எரிந்த அந்த ஒன்றைத் தவிர. அன்று சாயந்தரம் என் கைப்பைக்குள் ஒரு நெருப்புப் பெட்டியைப் போட்டாய். "இனிமே நீ பேசவே பேசாத புள்ள. பத்த வெச்சிக் காட்டு."

சரியாகப் பன்னிரண்டாம் நாள், உருக்காமல் வைத்திருந்த அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குக் கிளம்பினாய். "வேணாம்டி, நா சொல்றத கேளு, தப்பிச்சது போதும்," என்று கெஞ்சினேன். "வாசம் இல்லண்டு சொன்னாரே, அத எப்பிடி நான் கேட்டுட்டு ஈக்கிற?" என்றாய். நான் எதிர்த் தேநீர்க் கடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சாவடி முன்னால் கொளுத்தினாய். சார்ஜன்ட் மோந்து பார்த்துத் தலையாட்டுவது தெரிந்தது. போத்தலை அங்கேயே விட்டுவிட்டு, பட்டம் வாங்கினவள் மாதிரி நடந்து வந்தாய். பிறகு பல மாதம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்தேன்: மெழுகு தீர்ந்த உன் போத்தலில் பேனைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். என் அடையாள அட்டையை மட்டும் ஒவ்வொரு தரமும் கேட்டார்கள்.

போர் ஓய்ந்து சில வருடம் கழித்து அடிபடும் முறை உங்கள் ஆட்களுக்கு வந்தது. கலவரத்தில் நானாவின் கடையை அடித்து நொறுக்கினார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் நான் துடைப்பத்தோடு வந்து நின்றேன். கண்ணாடித் தூளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நீ கேட்டாய், "என்னத்துக்குப் புள்ள வந்த? பயமில்லயா?"

"நீ அன்னைக்கு எறங்கி வந்தியே."

நீ அழுதது அன்று மட்டும்தான். உடையாத போத்தல்களைப் பொறுக்கிக் கழுவி, அடுத்த கிழமையே அடுப்பை மூட்டினோம்.

இன்று விடிந்ததிலிருந்து மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காத்திருக்கவே தெரியாத நீ, என்னைக் காத்திருக்க வைத்துவிட்டாய். சாயந்தரம் கைப்பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தேன். அன்றிலிருந்து ஒன்று தீர ஒன்று வாங்கி வைக்கத் தவறியதே இல்லை. கொளுத்தினேன்.

முதலில் சுடர் மட்டும். பிறகு மெழுகு உருக உருக வாசம் எழுந்து அறையை நிறைத்தது, சன்னலைத் தாண்டிப் போனது. இரண்டு சொட்டு இல்லை, நாலு சொட்டாவது கூட விட்டிருக்கிறாய், கள்ளி. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு நோனா, இது என்ன வாசம் என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டாள்.

நான் பேசவில்லை. எரிகிற போத்தலை இரண்டு கையாலும் எடுத்துப் போய், மதில் மேல் வைத்துக் காட்டினேன்.

நெருப்புப் பெட்டியில் இன்னும் குச்சிகள் இருக்கின்றன. திரும்பக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.