திருகோணமலைக்கு மூன்று பேர்

1961 மார்ச் 12, ஞாயிறு. இரவு 8.40. நோர்வூட் தேயிலைத் தோட்டம். கேள்விகள் மூன்று, பதில் சொன்னது இரண்டுக்கு.

திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஊரைக் காட்டினால் என் மனைவி செல்வி கிளம்பிவிடுவாள் என்று நினைத்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் வரைந்தேன். கடலுக்குள் நீண்ட பாறை, உச்சியில் கோணேசர் கோயில், கப்பல்கள் ஒதுங்கும் துறைமுகம், தள்ளிக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள்.

"கடலோரத்துல மலையா?" என்றாள் செல்வி.

"ஆமா. நம்ம மலைக்கு முன்னால அது வெறும் மேடு."

"அடுப்பில்லாமலே வெந்நீரா?" அம்மா சிரித்தார்.

"ஏழு கெணறும் ஏழு சூடு."

"அந்த ஏழுல அத்தைய எதுல குடிவைக்கப் போறீங்க?" என்றாள் செல்வி.

"சும்மா இரு" என்று கத்திவிட்டேன். அவள் கேட்டது சரி. தோட்டப் பதிவேட்டில் வேலையாளாகப் பேர் இருந்தால்தான் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அறை. அம்மா கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் இருவரும் பதிவேட்டில் பேர் வெட்டிக்கொண்டு போனால் அறையும் போகும். பட்டறை எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று எழுதிக் கேட்ட நான், வீடு தருவார்களா என்று கேட்கவில்லை.

1. காலையில் பட்டறைக்குக் கடிதம்: மூன்று பேருக்கு வீடு உண்டா?
2. பதில் வரும்வரை யாரும் பேர் வெட்டக்கூடாது.
3. அம்மா வருவாரா என்று கேட்க வேண்டும். அதையும் நான் இன்னும் கேட்கவில்லை.