எதுவும் வளரவில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

போனில் கிடைக்கவில்லை என்று கோபப்படாதே. போன் நொறுங்கிவிட்டது. தாடையையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உன் வாயாடித் தங்கைக்கு வாய்ப்பூட்டு; சந்தோஷம்தானே?

நர்ஸிங் பயிற்சி இப்போது குழந்தைகள் வார்டில். காய்ச்சலோடு வந்த ஒரு பச்சைக்குழந்தையின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று லேபில் வைத்துப் பார்த்தார்கள். இல்லை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் அப்பாவிடம் ஓடிப்போய், "எதுவும் வளரலைங்க!" என்று சிரித்தேன். கிருமி என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

"எம்புள்ள வளராதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றியா?" என்று சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி முகத்திலேயே அடித்தார். விழுந்த பிறகும் மிதித்தார். இரண்டு பல் போச்சு.

குழந்தையின் முகத்துக்காகப் புகார் வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல். படிப்பை மட்டும் விடமாட்டேன்.

உன் வாயாடி

பிப்ரவரி 11

என் செல்லத் தங்கைக்கு,

அம்மாவைச் சமாளித்துவிட்டேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன மரக்கட்டையா? லாரியை எடுத்துக்கொண்டு வந்தேன். உன்னை அடித்தவன் யார் என்று வார்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சாக்கடை ஓரம் அவன் தனியாக நின்றிருந்தான். மண்ணில் தள்ளினேன்.

"தப்பா புரிஞ்சுக்கிட்டேங்க, அந்தப் பொண்ணு கால்ல விழுறேன்" என்று கெஞ்சினான்.

"எந்தக் கையால அடிச்சே?" என்றேன். நீட்டினான். டயர் கழற்றும் கம்பியால் எலும்பு வெளியே வரும்வரை அடித்தேன். முகத்தை மூடியிருந்தேன், பயப்படாதே. இனி நிம்மதியாகத் தூங்கு.

அண்ணன்

பிப்ரவரி 16

அண்ணா,

மண்ணில் ஒரு கிருமி இருக்கிறது. காற்றுப் படாத ஆழமான காயத்துக்குள் போனால் சதையை அழுக வைத்து வாயுவை விடும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். இந்த வாரம் அதைக் கையால் தொட்டேன்.

அந்தக் குழந்தையின் அப்பா இருந்த வார்டுக்கு நானே எழுந்து போனேன். கை கறுத்து, பானையாக ஊதியிருந்தது. விரல் வைத்தால் தோலுக்கடியில் நறநறவென்றது. நாற்றத்தில் குமட்டியது, வாயைத் திறக்க முடியாமல் தவித்தேன். தோளோடு வெட்டி எடுத்தார்கள். விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது. நேற்றுக் காலை இறந்துபோனார். அவர் மனைவி தரையில் தலையை மோதி அழுதாள். குழந்தையை நான்தான் வைத்திருந்தேன்.

உன்மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. உன் பெயரையும் லாரி நம்பரையும் போலீஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கோர்ட்டில் என்ன வேண்டுமானாலும் சொல். என் தங்கைக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே.