கிளம்பிட்டேன், சேர்ந்துட்டேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் மனைவியும் நன்றாக இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என் கையெழுத்தில் ஓர் உறை வந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள் நீ. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை. பொறுமையாகப் படி.

முதலில் வீட்டு விஷயம். மாடித் தொட்டி நிரம்பிப் பக்கத்து வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டிருந்ததே, அதற்கு மிதவை மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மா இப்போது முகம் கொடுத்துப் பேசுகிறார். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் மனைவியின் மணிக்கட்டில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நேராகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். இறுகிய மூடியைத் திறக்க மட்டும் இன்னும் என்னைக் கூப்பிடுகிறாள்.

இனி நீ அனுப்பிய ஆளைப் பற்றி. பழைய வண்டி வாங்கி விற்கும் உன் சிநேகிதன் வந்தான். வாசலில் நின்ற உன் மனைவியின் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "விழுந்த வண்டிம்மா, நல்ல விலை போகாது" என்றான். அவள் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அவன் எடுப்பதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பப்பா, இது விற்கிற வண்டி இல்லை என்றேன். "உங்க பையன் சொல்லித்தானே வந்தேன்?" என்று முழித்தான். "வண்டி அவன் பேர்ல இல்லையே" என்றேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கத்தான் பேனாவை எடுத்தேன்.

அவள் விழுந்த அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. கை முறிந்தது என்றதுமே கத்த ஆரம்பித்துவிட்டாய். அவள் வேலை உனக்குத் தெரிந்ததுதான். காது மெஷின் வாங்கிப்போன வயதானவர்கள் அடிக்கடி நகரத்துக்கு வர முடியாது. இவள்தான் சுற்றுவட்டாரத்துக்குப் போய் அழுக்கெடுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலிருந்து புறப்படும்போதும், "கிளம்பிட்டேன்" என்று எனக்கு ஒரு செய்தி வரும். எந்த ரோடு, எப்போது வந்து சேருவாள் என்பதும் அதில் இருக்கும். சேர்ந்ததும், "சேர்ந்துட்டேன்". ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. வருகிற போகிற வண்டிக்கெல்லாம் கொடி காட்ட நான் என்ன ரயில்வே ஸ்டேஷனா என்று கேட்டிருக்கிறேன். தனியா ஓட்டுறவளுக்கு இது வேணும் அத்தை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பியதாகச் செய்தி வந்தது. கல்குவாரி ரோடு என்று போட்டிருந்தாள். சொன்ன நேரம் தாண்டியும் அடுத்த செய்தி வரவில்லை. போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அவள் வேலை செய்யும் கடைக்குக் கேட்டால் அங்கும் வந்து சேரவில்லை. பிறகு கடையில் நம்பர் வாங்கி அந்தத் தபால்காரருக்கு அடித்தேன். அவருக்குக் காது கேட்காது என்பதே எனக்கு அப்போது நினைவில்லை! நல்லவேளை, அவர் மனைவி எடுத்தார். பக்கத்து வீட்டில் பால் வண்டி ஓட்டுகிறவரை எழுப்பி உடனே அந்த ரோட்டில் அனுப்பினார். அவர்தான் உன் மனைவியைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த அம்மாவை நேரில் பார்த்து நன்றி சொல்ல அப்போது முடியவில்லை. அது மனதில் கிடந்தது.

நடந்தது இதுதான். டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன பொடி ஜல்லி வளைவு முழுக்கக் கிடந்திருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகுதான் இவள் பார்த்திருக்கிறாள். பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்திவிட்டாள். முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய், இவள் கையை ஊன்றி விழ, கால்மேலேயே வண்டி விழுந்தது. பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்ததால் முதலில் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்திருக்கிறாள். காலை மெல்ல உருவிக்கொண்டு, அடுத்த லாரி வந்தால் வளைவில் தன்னைத் தெரியாதே என்று ஓரத்துக்குத் தவழ்ந்திருக்கிறாள். வண்டியைத் தூக்கப் போகவில்லை. கைக்கு எட்டிய செடியின் கிளையை ஒடித்து, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வளைவுக்கு முன்னால் ரோட்டில் போட்டிருக்கிறாள். கழுத்து வலித்ததால் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

போன் ஹேண்டிலில் மாட்டியிருந்தது. தெறித்துப் பள்ளத்தில் போய் விழுந்துவிட்டது. "பள்ளத்துல போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு அத்தை. இறங்கி எடுக்க முடியல. ஆனா நீங்கதான்னு தெரியும். இனிமே ஆள் வந்துரும்னு பேசாம உக்காந்துட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று நான் வெளியே போய்விட்டேன். பாட்டிலில் தண்ணீர் நிறையவே இருந்தது.

ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார்கள். காதருகே தொடங்கி முகவாய் வரை ஆழமாக ஒரு கீறல். விரலை வைத்துப் பார்த்தேன். அது அவள் கன்னத்தில் இருந்திருக்க வேண்டியது. வெயிலில் கம்பளி போர்த்தியதுபோல என்று நீ கேலி செய்வாயே, அந்தக் கனத்த ஜாக்கெட்டின் முழங்கை தேய்ந்து நார் நாராகிவிட்டது. உள்ளே தோல் உரியவில்லை.

அவள்மேல் தப்பே இல்லை என்று நான் வக்கீல் வேலை பார்க்கவில்லை. முனைக்கடை மெக்கானிக் முன் டயரைக் காட்டினார், மொட்டையாக இருந்தது. அடுத்த மாதம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டதை அவளே ஒப்புக்கொண்டாள். மதியம் முழுக்க எங்கேயும் நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓட்டியிருக்கிறாள். இப்போது புது டயர், புது ஹெல்மெட். போன் ஜாக்கெட்டின் உள்பையில்.

ஆனால் வண்டி சரியாகி வந்த பிறகும் அவளால் ஏற முடியவில்லை. ஒரு காலையில் உட்கார்ந்தாள், ஹேண்டிலைப் பிடித்தாள், அப்படியே இருந்தாள். பிறகு இறங்கி உள்ளே வந்து, "இன்னைக்கு வேணாம் அத்தை" என்றாள். மறுநாளும் அதேதான். கடைக்குப் போன் செய்து, இனிமேல் உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம்தான் உன் சிநேகிதன் வந்தான். அவள் சாவியை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து வைத்தால் நானே அவனுக்குக் கொடுத்திருப்பேன். அவள் பயந்துபோய் வைத்தாள்.

மறுநாள் காலையில் நீ விட்டுப்போன ஹெல்மெட்டைத் தேடி எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். எங்கே கிளம்பிட்டீங்க என்றாள். தபால்காரர் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றேன். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருந்தது. வாரை என் தாடைக்குக் கீழே இறுக்கி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். சக்கரங்களைக் குனிந்து பார்த்தாள், பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். என் முழங்காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவதற்குள் தெருவே கூடிவிட்டது. தையற்கார அம்மா கை தட்டினார்.

அவள் விழுந்த அந்த வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டாள். மெதுவாகக் கடந்து, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினாள். தாரில் வண்டி உரசிய கோடு இன்னும் இருந்தது. ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. அது வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு அவள் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தாள். "போலாமா அத்தை?" என்றாள். போனோம். தபால்காரர், மெஷினைப் பார்க்க இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்று அவளைச் சத்தம் போட்டார். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு அவள் முகம் தெளிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த முறை தனியாகவே போனாள். கழுவிய பாத்திரத்தையே நான் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது. அப்புறம்தான் குழாயை மூடினேன்.

கடைசியாக ஒன்று. அன்று தபால்காரர் வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில், வெளிநாட்டில் நீ எப்படி வேலைக்குப் போகிறாய் என்று பேச்சுவாக்கில் அவளிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீயும் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறாயாம். வேலை முடிந்து நெடுஞ்சாலையில் தனியாகத்தான் வருகிறாயாம். எப்போது கிளம்புவாய், எந்த வழியில் வருவாய் என்று உன்னோடு அறையில் இருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாதாம். கேட்டால் எரிந்து விழுகிறாயாம். அம்மாவிடம் சொல்லாதே என்று வேறு சொல்லிவைத்திருக்கிறாய். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். கடை விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாளும் அவள் உன் வண்டியை விற்கச் சொன்னதில்லை, கவனித்தாயா?

உன் பயம் எனக்குப் புரிகிறது, கண்ணா. தூரத்தில் இருப்பவனால் ஓடி வந்து பார்க்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லத் தோன்றும். எங்களுக்கும் உன்னிடம் ஓடி வர முடியாதுதானே. இன்றே குனிந்து உன் டயரைப் பார். களைப்பாக இருந்தால் எங்காவது நிறுத்தி இறங்கு. கிளம்பும்போது ஒரு வார்த்தை, சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு. இங்கே என்ன நேரமாக இருக்கும் என்று கணக்குப் பார்க்காதே. எனக்கு வேண்டாம், அவளுக்கே அனுப்பு. அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

போகிற இடமெல்லாம் முழுசாகப் போய் முழுசாகத் திரும்ப வேண்டும் என்ற ஆசியோடு,

உன் அம்மா